பதிப்பகம், நாளிதழ், விநியோகம், டைப்செட்டிங்: யாருடைய சைபர் ஆபத்து பெரிது என்று எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இது: பதிப்புத் துறையில் நான்கு நிறுவனங்கள். ஒரு நாளிதழ், ஒரு பாடநூல் பதிப்பகம், ஒரு புத்தக விநியோக நிறுவனம், வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பிரதிகளை அச்சுப் பக்கங்களாக வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சென்னை டைப்செட்டிங் நிறுவனம். வெளியிலிருந்து தரம் போடும் சேவை ஒன்று இவற்றுக்கு முறையே 610, 740, 690, 780 என்று மதிப்பெண் கொடுத்திருக்கிறது. காப்பீட்டுக்காக நான்கையும் வரிசைப்படுத்த வேண்டும். மதிப்பெண் குறைந்ததுதான் ஆபத்து அதிகம் உள்ளது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த எண் வாசல் கதவைப் பற்றியது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது, அது போனால் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்பது அதில் இல்லை. பதிப்புத் துறையில் ஒவ்வொரு வகை நிறுவனமும் இழக்கும் பொருள் வேறு. நாளிதழுக்குப் போவது ஓர் இரவு. பாடநூல் பதிப்பகத்துக்குப் போவது ஒரு பருவம். இலக்கியப் பதிப்பகத்திடமிருந்து வெளிவராத கையெழுத்துப் பிரதி போகும், ஆய்விதழிடமிருந்து நம்பகத்தன்மை போகும். டைப்செட்டிங் நிறுவனத்தில் போவதெல்லாம் அடுத்தவர் சொத்து. முதலில் "எது போகும், எத்தனை நாளில் திரும்பும்" என்று பிரித்துவிட்டு, மதிப்பெண்ணைக் கடைசியில் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் சரி.

மதிப்பெண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். பிட்சைட், செக்யூரிட்டிஸ்கோர்கார்டு போன்ற சேவைகள் யாருடைய அலுவலகத்துக்குள்ளும் போவதில்லை. இந்த நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்று தாங்களே கணித்த டொமைன்களையும் ஐபி முகவரிகளையும் இணையத்திலிருந்து தட்டிப் பார்க்கின்றன. திறந்து கிடக்கும் போர்ட், காலாவதியான சான்றிதழ், அப்டேட் செய்யாத மென்பொருள், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள், தொற்று உள்ள கணினியிலிருந்து வெளியே கிளம்பும் போக்குவரத்து, எங்கோ கசிந்த பாஸ்வேர்டு ஆகியவைதான் அவற்றின் கச்சாப் பொருள். பிட்சைட்டின் அளவுகோல் 250 முதல் 900 வரை. மற்றது நூற்றுக்கு மதிப்பெண் போட்டு ஏ முதல் எஃப் வரை எழுத்து கொடுக்கும். இரண்டு சேவைகளின் எண்களை ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

பதிப்புத் துறையில் இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பதிப்பகங்கள் டொமைன்களைக் குவித்து வைத்திருக்கும். ஒரு புத்தக வெளியீட்டுக்கு ஒரு தளம், ஓர் எழுத்தாளருக்கு ஒரு தளம், விலைக்கு வாங்கிய இம்பிரின்டின் (துணைப் பதிப்புப் பெயரின்) பழைய தளம், எப்போதோ நடத்திய போட்டிக்கு ஒரு தளம். விளம்பர ஏஜென்சி வேர்ட்பிரஸில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். அதற்குப் பிறகு யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நாளிதழின் 610-இல் பாதிச் சரிவு இப்படிப்பட்ட செத்த தளங்களால் வந்திருக்கலாம். டைப்செட்டிங் நிறுவனத்துக்கு வெளியே தெரிவது மொத்தம் மூன்று டொமைன். தட்டிப் பார்க்கவே ஒன்றும் இல்லாததால் 780 வந்திருக்கும்.

அதனால் மதிப்பெண் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அதிலுள்ள டொமைன் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: வேலை ஓடுபவை, விற்பனை ஓடுபவை, செத்தவை. செத்த தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: இது முக்கியத் தளம் இருக்கும் அதே ஹோஸ்டிங் கணக்கில் இருக்கிறதா? தனிக் கணக்கு என்றால் தளத்தை மூடினால் போதும், பெரிய ஆபத்தில்லை. அதே கணக்கு என்றால் அந்தப் பழைய வேர்ட்பிரஸ் ப்ளகின் வழியாக நுழைபவர் சந்தாதாரர் பட்டியல் வரைக்கும் நடந்தே வந்துவிடலாம். இதை வைத்து மதிப்பெண்ணைத் திருத்திப் பார்த்தால் 610-க்கும் 740-க்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இனி உள்ளே போகலாம்.

நாளிதழில் தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கேதான் நேரம் மிகக் கொடுமையானது. 2018 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் ட்ரிப்யூன் பப்ளிஷிங் குழுமத்தை ரியுக் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீம்பொருள்) தாக்கியபோது சனிக்கிழமைப் பதிப்புகள் பல ஊர்களில் தாமதமாயின. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அந்தக் குழுமத்திலிருந்து அதே ஆண்டு விற்கப்பட்டிருந்தது; ஆனால் மென்பொருள் இன்னும் பொதுவாகவே ஓடிக்கொண்டிருந்ததால் அதுவும் சிக்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் அச்சகத்தில் அச்சுக்குக் கொடுத்திருந்த நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆகியவற்றின் மேற்குக் கடற்கரைப் பிரதிகளும் தாமதமாயின. தாக்கப்பட்டது ஒருவர், தாமதமானது பலருடைய பேப்பர். 2020 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபுங்கே பத்திரிகைக் குழுமம் பக்கம் குறைத்து அவசரப் பதிப்பு போட வேண்டியிருந்தது. 2023 மே மாதம் அமெரிக்க நாளிதழான பிலடெல்பியா இன்குவயரர் வழக்கமான ஞாயிறு இதழை அச்சிட முடியாமல் போனது; 1996 ஜனவரி பனிப்புயலுக்குப் பிறகு அதற்கு இவ்வளவு பெரிய தடங்கல் வந்ததில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க நாளிதழ்க் குழுமமான லீ என்டர்பிரைசஸ் தாக்கப்பட்டபோது அச்சோடு சேர்ந்து விநியோகம், பில்லிங், வசூல், வெண்டர்களுக்குப் பணம் கொடுப்பது எல்லாமே அடிபட்டன. அச்சு மீண்டுவிட்டதா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் பாதிதான் தெரியும்.

நாளிதழைப் பார்க்கப் போனால், அச்சுத் தகடுகள் தயாராகும் பிளேட் அறையைப் பாருங்கள். பக்கம் ஆசிரியர் குழுவின் மென்பொருளில் முடிந்து பிடிஎஃப் ஆகும். பக்கங்களை வரிசைப்படுத்தும் மென்பொருளுக்குப் போகும். ரிப் சர்வர் அதைப் புள்ளிகளாக மாற்றும். சிடிபி இயந்திரம் அலுமினியப் பிளேட்டாக வெளியே தள்ளும். நாலு வண்ணப் பக்கம் என்றால் நாலு பிளேட். இந்தச் சங்கிலியில் மிகப் பழைய கணினி எப்போதும் சிடிபியோடு ஒட்டியிருப்பதுதான். இயந்திரம் 15 ஆண்டு உழைக்கும். அதன் டிரைவர் வாங்கிய காலத்து விண்டோஸில் மட்டும் ஓடும். தயாரித்த கம்பெனி புதிய டிரைவர் தர மாட்டார்கள். விண்டோஸ் 7 இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இது. அதை மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒதுக்கிவைக்கச் சொல்லலாம்: அந்தக் கணினி தனி நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், ரிப் சர்வரிலிருந்து மட்டும் ஃபைல் வாங்க வேண்டும், இணையமும் மெயிலும் கூடவே கூடாது, அலுவலகம் முழுக்க ஓடும் அட்மின் பாஸ்வேர்டு அங்கே செல்லக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். நெட்வொர்க்கைப் பிரித்துவிட்டு, அதே அட்மின் கணக்கை இரு பக்கமும் விட்டுவைத்தால் சுவர் கட்டிச் சாவியைச் சுவரிலேயே தொங்கவிட்டது போல.

அப்புறம் ஒரு சோதனை: ஆசிரியர் குழு மென்பொருள் முழுசாக நின்ற நிலையில், தனியாக வைத்த இரண்டு லேப்டாப்பில் எட்டுப் பக்கம் செய்து, பென் டிரைவில் கொண்டுபோய்ப் பிளேட் எடுக்க எத்தனை மணி நேரம்? ஒத்திகை பார்த்தவர்கள் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். எழுத்துரு எங்கே, பத்திரிகைப் பெயர் உள்ள மாஸ்ட்ஹெட் ஃபைல் எங்கே, விளம்பரப் பக்கங்களின் பட்டியல் யாரிடம் என்று தேட ஆரம்பித்தால் ஒத்திகை நடக்கவில்லை என்று பொருள்.

பாடநூல் பதிப்பகத்தில் இரண்டு ஆபத்துகள் பின்னிக் கிடக்கின்றன: மாணவர் தரவு, பருவம். தரவுக்கு நல்ல பாடம் பிரிட்டனின் கல்விப் பதிப்பகமான பியர்சன். அவர்களுடைய பள்ளி மதிப்பீட்டு மென்பொருள் ஒன்றில் 2018-இல் ஊடுருவல் நடந்தது. சுமார் 13,000 பள்ளி, கல்லூரிக் கணக்குகளின் தரவு போனது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்து ஆறு மாதமாகியும் போடவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் பதிவு செய்தது. 2019 ஜூலை அறிக்கையில், ஏற்கெனவே நடந்துவிட்ட அந்தச் சம்பவத்தை 'நடக்கக் கூடிய ஆபத்து' என்பதுபோல எழுதியதற்காக 2021 ஆகஸ்ட்டில் 10 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு போதாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். புத்தகத்தின் பின்னட்டையில் க்யூஆர் கோடு வைத்து ஆப்பில் பதிவு வாங்கும் எந்தப் பதிப்பகமும் இந்த வளையத்துக்குள் வந்துவிடும். எனவே "எத்தனை புத்தகம் விற்கிறீர்கள்" என்பதைவிட "எத்தனை குழந்தைகளின் பெயர், பள்ளி, கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது, எப்போது அழிப்பீர்கள்" என்பது இங்கே கனமான கேள்வி.

பருவத்தின் கனத்தைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆண்டு விற்பனை 120 கோடி என்று வைப்போம். பள்ளி திறக்கும் முன் ஏப்ரல் முதல் ஜூன் வரையான சுமார் 90 நாளில் 72 கோடி, மீதி 275 நாளில் 48 கோடி. பருவத்தில் ஒரு நாளைக்கு 80 லட்சம்; மற்ற நாளில் சுமார் 17.5 லட்சம். 12 நாள் ஆர்டர் எடுக்க முடியவில்லை. செப்டம்பரில் என்றால் தேங்குவது 2.1 கோடி; பள்ளிகள் காத்திருக்கும், ஐந்தில் ஒரு பங்குதான் கைவிட்டுப் போகும்: 42 லட்சம். மே மாதத்தில் என்றால் தேங்குவது 9.6 கோடி, பள்ளி காத்திருக்காது, பாதி போட்டியாளரிடம் போய்விடும்: 4.8 கோடி. அதே நிறுவனம், அதே தாக்குதல், அதே மதிப்பெண் 740. இழப்பு பதினொரு மடங்கு வேறுபடுகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி திரும்பி வருமா என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

நாளிதழுக்கும் அதே முறையில் போடலாம். நாள் வருமானம் 40 லட்சம், இரண்டு நாள் முழுக்க அச்சு இல்லை, அடுத்த பத்து நாள் பாதிப் பக்கம்: 80 லட்சமும் 2 கோடியும் சேர்ந்து 2.8 கோடி. நேற்றைய விளம்பரத்தை நாளைக்கு விற்க முடியாது என்பதால் இதில் திரும்பி வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் எந்த மாதம் நடந்தாலும் தொகை பெரிதாக மாறாது, தீபாவளி வாரம் நீங்கலாக. காப்பீடு போடுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்: ஒன்றில் இழப்பு நிலையானது, மற்றதில் காலண்டரைப் பார்த்து ஆடுகிறது.

விநியோகம். கிடங்கில் அஞ்சு லட்சம் பிரதி இருந்தாலும் எது எந்த ரேக்கில் என்று தெரிந்தது கிடங்கு மென்பொருளுக்கு மட்டும்தான். அது நின்றால் புத்தகம் கண்முன்னே இருக்கும், அனுப்ப முடியாது. அமெரிக்க நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்பிவந்த பேக்கர் அண்ட் டெய்லர் 2022 ஆகஸ்ட்டில் ரான்சம்வேரால் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கியது. அதே ஆண்டு ஜூனில் மேக்மில்லன் பதிப்பகம் அலுவலகங்களை மூடி, ஆர்டர் எடுக்க முடியாமல் நின்றது. ஜப்பானின் கடோகாவா பதிப்புக் குழுமம் 2024 ஜூனில் தாக்கப்பட்டபோது பழைய நூல்களின் அனுப்புகை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 2,54,241 பேரின் தகவல் கசிந்ததாக நிறுவனமே பின்னர் அறிவித்தது. அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊழியர்கள் சர்வர்களைத் தொலைவிலிருந்து அணைத்தார்கள். தாக்கியவர்கள் தொலைவிலிருந்தே திரும்ப இயக்கினார்கள். கடைசியில் மின்கம்பியையும் நெட்வொர்க் கம்பியையும் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. கட்டுப்பாட்டுத் திரை யார் கையில் இருக்கிறது என்பதுதான் அங்கே விஷயம். ஆகவே நான்கு நிறுவனங்களிடமும் கேளுங்கள்: சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோலுக்கு எத்தனை பேருக்கு அனுமதி, அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி போல இன்னொன்று) உண்டா, ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பியைப் பிடுங்கும் அதிகாரம் யாருக்கு? அந்தக் கடைசிக் கேள்விக்கு நிறைய இடங்களில் பதில் இருக்காது. காவலாளிக்குச் சர்வர் அறைச் சாவி கிடையாது. சாவி இருப்பவருக்கு முடிவெடுக்க அதிகாரம் கிடையாது.

விநியோகத்தில் இன்னொரு ஓட்டை பணம். புத்தக வணிகத்தில் பணம் இரு பக்கமும் ஓடும்: விற்காத பிரதி திரும்பி வரும், கிரெடிட் நோட் போகும், ராயல்டி போகும், அச்சகத்துக்குப் பில் போகும். சின்னச் சின்ன நூற்றுக்கணக்கான கணக்குகள். போலி இன்வாய்ஸ் போட இதைவிட வசதியான தொழில் குறைவு. 2010 நவம்பரில் பத்திரிகைக் குழுமமான காண்டே நாஸ்டுக்கு ஒரு மெயில் வந்தது. அவர்களுடைய அச்சகமான குவாட் கிராஃபிக்ஸின் பெயரைப் போலவே ஒரு பெயர், இனிமேல் இந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போடுங்கள் என்று ஒரு படிவம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் செய்தார்கள். ஆறு வாரத்தில் ஏறக்குறைய 80 லட்சம் டாலர் போனது. உண்மையான அச்சகம் டிசம்பர் 30 அன்று "பில் பாக்கி இருக்கிறதே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பெரும்பகுதி அந்தக் கணக்கிலேயே இருந்ததால் முடக்க முடிந்தது, அது அதிர்ஷ்டம். ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை, எந்த மதிப்பெண்ணும் இதைக் காட்டியிருக்காது. தடுக்கும் வழி ஒன்றே ஒன்று: வங்கிக் கணக்கு மாற்றம் எதுவாக இருந்தாலும், மெயிலில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், பழைய ஒப்பந்தத் தாளில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்பது, மாற்றிய பிறகு முதல் தவணை சிறு தொகை. இதை நிறுவனம் பின்பற்றுகிறதா என்று சோதிக்க, கடந்த ஆறு மாதத்தில் நடந்த கணக்கு மாற்றங்களின் கோப்பில் மூன்றை எடுத்துப் பாருங்கள். போன் செய்தவர் பெயர், தேதி, நேரம் இருக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கையெழுத்துப் பிரதித் திருட்டு. 2016 முதல் சில ஆண்டுகள் உலகம் முழுக்க எழுத்தாளர்களுக்கும் முகவர்களுக்கும் பதிப்பாசிரியர் பெயரில் மெயில் வந்து, வெளிவராத பிரதிகள் ஆயிரத்துக்கு மேல் பறிபோயின. 2022 ஜனவரியில் கைதானவர் லண்டனில் ஒரு பெரிய பதிப்பகத்தின் ஊழியர். 160-க்கு மேற்பட்ட போலி டொமைன்கள் பதிவு செய்திருந்தார். அதில் ஒரு தந்திரம் 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுவது. சின்ன எழுத்தில் 'ஆர்'-இன் வளைவும் 'என்'-இன் முதல் காலும் இணைந்து 'எம்' மாதிரியே தெரியும். கைப்பேசித் திரையில் எளிதில் பிடிபடாது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். டிமார்க் பதிவை 'ரிஜெக்ட்' என்று வைத்துவிட்டால் இது நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. டிமார்க் உங்கள் சொந்த டொமைன் பெயரில் வரும் போலியைத்தான் தடுக்கும்; போலி டொமைன் தன் சொந்தப் பதிவுகளோடு சுத்தமாகத் தேறி வரும். இதற்கு வேண்டியது வேறு: டிஎன்எஸ்ட்விஸ்ட் போன்ற இலவசக் கருவியில் உங்கள் டொமைனைப் போட்டு, ஒத்த பெயர்களில் எவை பதிவாகியிருக்கின்றன என்று மாதம் ஒருமுறை பார்ப்பது, பிரதியை மெயில் இணைப்பாக அனுப்பாமல் லாகின் உள்ள தளத்தில் மட்டும் கொடுப்பது, பெறுபவர் பெயரை ஒவ்வொரு பக்கத்திலும் வாட்டர்மார்க்காக அச்சிடுவது.

ஆய்விதழ்கள் உங்கள் நான்கில் இல்லை. ஆனால் டைப்செட்டிங் நிறுவனம் அவர்களுக்குத்தான் வேலை செய்யும் என்பதால் சுருக்கமாக. அங்கே திருடுவதைவிட நுழைப்பது பெரிய ஆபத்து. 2014-இல் சேஜ் பதிப்பகம் ஒரே இதழிலிருந்து 60 கட்டுரைகளை விலக்கிக்கொண்டது. கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொல்பவர் மதிப்பீட்டாளர்; போலி மெயில் முகவரிகளில் திறந்த மதிப்பீட்டாளர் கணக்குகள் வழியாக ஒரு கூட்டம் தங்கள் கட்டுரைகளுக்குத் தாங்களே ஒப்புதல் எழுதிக்கொண்டிருந்தது. 'மதிப்பீட்டாளர் மெயில் முகவரியைக் கட்டுரை எழுதியவரே கொடுக்கலாமா' என்ற ஒரு செட்டிங்தான் அந்தக் கதவு.

இப்போது 780 வாங்கிய டைப்செட்டிங் நிறுவனம். இதை நான் பட்டியலின் தலையில் வைப்பேன். உலக ஆய்விதழ்களிலும் கல்வி நூல்களிலும் கணிசமான பங்கு சென்னையிலும் புதுச்சேரியிலும் பக்கமாக மாறுகிறது. ஒரே கூரைக்குக் கீழே இருபது பதிப்பகங்களின் வெளிவராத பிரதிகள். சில இடங்களில் தேர்வு வினாத்தொகுப்புகள். எல்லாப் பதிப்பகங்களின் தயாரிப்புத் தளங்களுக்கும் லாகின்கள். வெளியே தெரிவது மூன்று டொமைன் என்பதால் மதிப்பெண் அழகாக இருக்கிறது. தவறு நடப்பது ஷிப்ட் மாறும் நேரத்தில். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு லாகின். மூன்று ஷிப்ட்டும் அதையே பயன்படுத்தும். பாஸ்வேர்டு ஓர் எக்செல் ஷீட்டில். பதிப்பகம் ஓடிபியைக் கட்டாயமாக்கினால் அது டீம் லீடரின் போனுக்கு வரும். அவர் இல்லாத இரவில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கிறது என்று படிவத்தில் டிக் அடித்திருப்பார்கள், அது பொய்யும் இல்லை. ஃப்ரீலான்ஸ் ப்ரூஃப் ரீடருக்குக் கொடுத்த, ஃபைல் அனுப்பும் எஃப்டிபி கணக்கு அவர் விலகி இரண்டு வருடம் கழித்தும் திறந்திருக்கும். அது பழைய எஃப்டிபியாக இருந்தால் பாஸ்வேர்டே மறைக்காமல் போகும். எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறினார்களா, ஆளுக்கு ஒரு கணக்கா, ஆள் விலகிய நாளே கணக்கு மூடப்படுகிறதா என்று கேளுங்கள். சம்பளப் பட்டியலிலிருந்து கடந்த காலாண்டில் விலகியவர்களில் பத்துப் பேரை எடுத்து, அவர்கள் கணக்கு மூடிய தேதியை ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பேக்கப் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை ஜிபி, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். படங்களோடு சேர்த்து 40 டெராபைட் காப்பகம் வைத்திருக்கும் டைப்செட்டிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 100 எம்பி வந்தால் பெரிய விஷயம். அந்தக் கணக்கில் நான்கு லட்சம் விநாடி, அதாவது நான்கரை நாளுக்கு மேல். அதுவும் எங்கும் தடைபடாமல் ஓடினால்தான்! ஒப்பந்தத்தில் 48 மணி நேரத்தில் மீள்வோம் என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம் என்று காகிதத்திலேயே தெரிகிறது. எந்த வாடிக்கையாளரின் நடப்பு வேலை முதலில் மீட்கப்படும் என்ற வரிசை எழுதி வைத்திருந்தால் நடப்பு வேலையின் இரண்டு டெராபைட்டை ஆறு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அந்த வரிசைப் பட்டியல் இருக்கிறதா என்பதே ஒப்பீட்டில் நல்ல அளவுகோல்.

தரவு பத்திரமாக இருந்தாலும் போதாது என்பதற்கு பிரிட்டிஷ் நூலகம் சாட்சி. 2023 அக்டோபரில் ரைசிடா என்ற ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. நூலகம் பணம் கொடுக்கவில்லை. சுமார் 600 ஜிபி வெளியே விடப்பட்டது. டிஜிட்டல் சேகரிப்புகளின் நகல்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றை இறக்கி வைக்க சர்வர் இல்லை. பழைய மென்பொருள்கள் புதிய சர்வரில் ஓடவும் இல்லை. நுழைவாயில் என்று கருதப்படுவது, வெளியார் உள்ளே வந்து வேலை செய்ய வைத்திருந்த ஒரு டெர்மினல் சர்வர். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. நூலகம் 2024 மார்ச்சில் இதையெல்லாம் விவரமாக அறிக்கையாக வெளியிட்டது.

இங்கே ஒப்பிடுபவர்கள் செய்யும் பெரிய அநியாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்திகளில் தேடி, யாருக்குச் சம்பவம் நடந்ததோ அவர்களுக்குக் கழித்தல் மதிப்பெண் போடுவார்கள். 2019 மே மாதம் ஜெர்மனியின் ஹைசே பதிப்புக் குழுமம் எமோடெட் என்ற தீம்பொருள் தொற்றுக்கு ஆளானதும், எப்படி நுழைந்தது, என்ன தவறு செய்தோம் என்று தானே எழுதியது. இப்படிச் சொல்பவர்களைத் தண்டித்து, வாய் திறக்காதவர்களுக்குப் பூஜ்யம் சம்பவம் என்று பரிசு கொடுத்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார். சம்பவம் நடந்ததா என்பதைவிட, எத்தனை நாளில் கண்டுபிடித்தார்கள், யாருக்கு எப்போது சொன்னார்கள், பிறகு எதை மாற்றினார்கள் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் கொடுக்க வேண்டும், கணினிகளின் நடவடிக்கைப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 180 நாள் பதிவேடு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தாக்கப்பட்ட அதே சர்வரில் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சான்றிதழ்களில் ஒரு வரியைத் தவறாமல் படியுங்கள்: தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழின் வரம்பு. 'சென்னை அலுவலகம், மூன்றாம் தளம், ஐடி சேவைகள்' என்று இருந்தால் இரவு ஷிப்ட் நடக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அது பொருந்தாது. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தணிக்கையாளர் பார்த்து எழுதும் எஸ்ஓசி 2 அறிக்கை என்றால் டைப் 1 ஒரு நாளின் நிலவரம், டைப் 2 சில மாதங்கள் கவனித்தது. இரண்டையும் சமமாக வைக்கக் கூடாது.

டொமைன் விஷயத்தில் நாளிதழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை. 2013 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் தளம் பல மணி நேரம் காணாமல் போனது அதன் சர்வரில் கை வைத்ததால் அல்ல. டொமைன் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்தின் கணக்கு வழியாக முகவரியை மாற்றினார்கள். அதே வழியில் குறிவைக்கப்பட்ட ட்விட்டரின் முக்கிய டொமைனுக்கு, கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் முகவரியை மாற்ற விடாத ரெஜிஸ்ட்ரி லாக் என்ற பூட்டு இருந்தது, அது தப்பியது. தேர்தல் முடிவு நாளில் முகவரி மாறினால் பொய்ச் செய்தி அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே வரும். அந்த லாக் இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் வெளியிலிருந்தே தெரியும், செலவும் அதிகமில்லை.

நான்கையும் எப்படி வரிசைப்படுத்துவது? எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் மறுபடி 610, 780-க்கே திரும்புவோம். ஓர் அட்டவணையில் நான்கு பத்தி (நெடுவரிசை) வையுங்கள்: வேலை நின்றால் இழப்பு, தரவு போனால் இழப்பு, பணம் திருடுபோனால் இழப்பு, அடுத்தவருக்கு விளைவிக்கும் இழப்பு. முதல் பத்தியில் பாடநூல் பதிப்பகம் மே மாதத்துக்கு ஒரு தொகை, செப்டம்பருக்கு ஒரு தொகை. இரண்டாவதிலும் அதுவே முன்னே நிற்கும். மூன்றாவதில் விநியோக நிறுவனம். நான்காவதில் டைப்செட்டிங் நிறுவனம், மற்றவர்கள் எட்ட முடியாத தூரத்தில். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் உள்ள இழப்பீட்டு வரம்புகளைக் கூட்டினால் அந்தத் தொகை அதன் ஆண்டு வருமானத்தைத் தாண்டலாம். இந்தக் கட்டங்களை நிரப்பிய பிறகு, நடக்கும் வாய்ப்பை மூன்று படிகளில் மட்டும் எழுதுங்கள்: அதிகம், நடுத்தரம், குறைவு. சதவீதம் போட ஆசைப்படாதீர்கள்; அதற்கான தரவு யாரிடமும் இல்லை. வாய்ப்பைக் கணிக்க மேலே சொன்ன சோதனைகளே போதும்: விலகியவர் கணக்கு, கணக்கு மாற்றக் கோப்பு, மீட்பு ஒத்திகைத் தேதி, பிளேட் அறையின் அட்மின் பாஸ்வேர்டு.

நாளிதழ் இந்த வரிசையில் மூன்றாவதாகத்தான் வரும் என்பது என் கணிப்பு, பிளேட் அறை பிரிக்கப்பட்டிருந்தால். இல்லையென்றால் இரண்டாவது. பாடநூல் பதிப்பகத்தின் பாலிசியை ஏப்ரலுக்கு முன்னால் மறுபடி ஒருமுறை பாருங்கள். வேலை நின்ற பிறகு இழப்பீடு தொடங்கும் வரையான காத்திருப்புக் காலம் 12 மணி நேரமா, 72 மணி நேரமா என்பதைப் பருவத்து நாள் வருமானமான 80 லட்சத்தோடு பெருக்கிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.